அனந்தபுரத்து வெங்காய மூட்டை

அன்புள்ள மகனுக்கு,

இங்கே நானும் அம்மாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். நீயும் விழுப்புரத்தில் அந்த ஸ்டேஷன் பக்கத்து அறையில் ஸ்டவ்வைப் பற்றவைத்து, வேளைக்கு ஆக்கிச் சாப்பிடுகிறாய் என்று நம்பிக்கொண்டு இருக்கிறோம். எனக்கு எழுத்து வராது என்பது உனக்குத் தெரிந்ததுதான். நான் சொல்லச் சொல்ல உன் அக்கா கஸ்தூரி எழுதுகிறாள். பிள்ளையைத் தூளியில் போட்டு ஒரு காலால் ஆட்டிக்கொண்டே எழுதுகிறாள், அதனால் எழுத்து கொஞ்சம் ஆடும். என் பேச்சை அப்படியே போட்டால் தம்பி சிரிப்பான் என்று அவளே ஒழுங்குபடுத்திக்கொள்கிறாள். அம்மா ரேஷன் கடை வரிசையில் நிற்கிறாள். அவள் திரும்புவதற்குள் முடிக்கப் பார்க்கிறேன். முடியாவிட்டால் நாளைக்கும் கொஞ்சம் சொல்லுவேன்.

போன ஞாயிற்றுக்கிழமை வந்தபோது அம்மாவுக்கென்று பாலிதீன் பையில் பெல்லாரி வெங்காயம் வாங்கி வந்தாய். வெறும் கையோடு வராத பிள்ளை என்று எனக்குச் சந்தோஷம். பார்க்கப் பளபளவென்று, ஒவ்வொன்றும் ஒரு சாத்துக்குடி பருமன். நீ பஸ் ஏறிப் போனபிறகு பையை அவிழ்த்தேன். உள்பக்கம் முழுக்க வேர்த்திருந்தது. ஒன்றை எடுத்துக் கழுத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்தினால் விரல் உள்ளே போகிறது. நீ பளபளப்பைப் பார்த்து வாங்கியிருக்கிறாய். வெங்காயத்தைக் கண்ணால் பார்த்து வாங்கக் கூடாது. கண்ணுக்கு அது கடைசிவரை நல்லதாகவே தெரியும், கெடுவதெல்லாம் உள்ளே இருந்துதான் கெடும். கீரை, கத்தரிக்காய் வாங்குகிற மாதிரி நேற்றுப் பறித்ததா இன்றைக்குப் பறித்ததா என்று பார்க்கிற சரக்கு இல்லை இது. நிலத்தைவிட்டு வந்தவுடனே வெங்காயம் தயாராகிவிடாது. பச்சைத் தாள் வாடி, கழுத்து நூல்மாதிரி சுருங்கி, மேல்தோல் காகிதம் மாதிரி சலசலக்க வேண்டும். அதற்கு நிழலும் காற்றும் வேண்டும், சில நாள் பொறுமையும் வேண்டும்.

நான் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு பக்கத்து மெஸ்ஸில் அடுப்படியில் நின்ற காலமெல்லாம் வெங்காயம் வாங்குவது என் வேலை. மூட்டை வந்து இறங்கினால் மேலே இருப்பதைப் பார்க்க மாட்டேன். மேலே எப்போதும் நல்லதாகத்தான் அடுக்கியிருப்பான். வாயை அவிழ்த்து முழங்கைவரைக்கும் கையை உள்ளே விடுவேன். நடு மூட்டை குளுமையாக இருக்க வேண்டும். வெதுவெதுவென்று இருந்தால் உள்ளே ஏதோ வேகிறது என்று அர்த்தம். நறுக்காத வெங்காயத்துக்கு வாசனையே வரக் கூடாது. மூட்டையைத் திறந்ததும் மூக்கில் ஏறினால் எங்கேயோ ஒன்று உடைந்திருக்கிறது, அதைத் தேடி எடுக்காவிட்டால் பக்கத்தில் இருப்பதெல்லாம் அதோடு போகும். கையில் எடுத்தால் அளவுக்கு மீறின கனம் இருக்க வேண்டும். லேசாக இருந்தால் உள்ளே வற்றிவிட்டது. அடிப்பக்கம் புதிதாக வெள்ளை வேர் விட்டிருந்தால் ஈரத்தில் கிடந்த சரக்கு. முளை விட்டதைப் பார்த்து முகம் சுளிக்காதே, அது கெட்டது இல்லை. அன்றைக்கே நறுக்கிவிடு, முளையைக் கிள்ளி முட்டையில் போட்டுக்கொள். ஆனால் சாம்பாருக்கு ஆகாது, அதன் இனிப்பை எல்லாம் முளை குடித்துவிட்டிருக்கும். தோலில் கருப்புப் பொடி ஒட்டியிருந்தால் ஒரு சுற்று அதிகமாக உரித்துக் கழுவினால் போதும். உள்ளே ஓர் அடுக்கு மட்டும் கண்ணாடி மாதிரி ஆகி வழுக்கினால் அதைச் சாப்பிடாதே, அது தொட்ட அடுக்கையும் சேர்த்து எறிந்துவிடு.

இதெல்லாம் தெரியாமலா இருக்கிறேன் என்று நினைப்பாய். இன்னும் ஒன்று சொல்கிறேன். கையை ஏமாற்றின வெங்காயம் எண்ணெயில் மாட்டிக்கொள்ளும். காயாத வெங்காயம் வாணலியில் விழுந்ததும் படபடவென்று தெறிக்கும், தண்ணீர் விடும், எவ்வளவு வதக்கினாலும் சிவக்காது, கூழாகப் போய்விடும். நன்றாகக் காய்ந்தது சத்தம் போடாது. தானே ஓரம் சிவந்து, தெரு முனைவரை வாசனையை அனுப்பும்.

வெங்காயம் பற்றிச் சொல்லவா இந்தக் கடிதம் என்று கஸ்தூரியே கேட்கிறாள். அன்றைக்கு நீ சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே சொல்லிவிட்டுப் போனது என் காதில் இன்னும் நிற்கிறது. மாசியில் உன் கல்யாணம். பத்திரிகை யார் யாருக்கு என்று பேசிக்கொண்டு இருந்தோம். அம்மா வாயைத் திறக்கவில்லை, நான்தான் அவள் தம்பி ஏழுமலை மாமா பேரை எடுத்தேன். நீ சொன்னாய்: "மாமாவுக்கு வெச்சிடுங்கப்பா, வேணான்னு சொல்லல. ஆனா மூட்டை கீட்டை ஒண்ணும் தூக்கிக்கினு வர வேணாம்னு சொல்லிடுங்க. அக்கா கல்யாணத்துல பட்ட பேஜாரு போதும்." அம்மா தட்டை எடுத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் போய்விட்டாள். நீ அதைக் கவனிக்கவில்லை, பஸ்ஸுக்கு நேரம் ஆகிவிட்டது.

அக்கா கல்யாணத்தன்று நீ மைக் செட்காரனோடு பந்தலில் நின்றிருந்தாய். நாற்றம் உனக்குத் தெரியும், நடந்தது தெரியாது. அதனால் சொல்கிறேன். கஸ்தூரிக்குக் கல்யாணம் என்று சொன்னதுமே உன் மாமன், என் அக்கா பொண்ணு கல்யாணத்துக்குக் கடை வெங்காயம் வேண்டாம், நானே போடுகிறேன் என்று சொல்லிவிட்டான். அனந்தபுரத்தில் அவன் நிலத்தில் பிறந்தது முதல் மல்லாட்டைக் கடலையும் கேப்பையும்தான். கிணற்றை ஒட்டின நல்ல பாத்தியைக் காலி செய்து, அந்த வருஷம் முதல்தடவையாகச் சின்ன வெங்காயம் நட்டான். அவனுக்குத் தெரிந்தது மல்லாட்டை. நாம் அங்கே போனால் என்ன செய்வான், ஞாபகம் இருக்கிறதா? நம்மைப் பார்த்தபிறகுதான் கொல்லைக்கு ஓடிப்போய்ச் செடியோடு பிடுங்கி, மண் ஈரம் காய்வதற்குள் உப்புப் போட்டு வேகவைத்துக் கொட்டுவான். எவ்வளவு பச்சையோ அவ்வளவு மரியாதை. வெங்காயத்துக்கும் அதையே செய்துவிட்டான். கல்யாணத்துக்கு முன்தினம் காலையில் ஈர மண்ணில் பிடுங்கி, பச்சைத் தாளை அரிவாளால் கொய்து, மண்ணைக்கூட உதறாமல் காற்றுப் புகாத யூரியா சாக்கில் போட்டு இறுகக் கட்டினான். புதுச் சரக்கு காற்றுப் பட்டு வாடிவிடக் கூடாதாம். செஞ்சி வழியாக பஸ் மேலே போட்டுக்கொண்டு வந்தான். வழியெல்லாம் ஆவணித் தூறல், நடுநடுவே வெயில்.

சாயங்காலம் மண்டபத்தில் மூட்டையை இறக்கினபோது நான் சமையல்காரரோடு பாத்திரம் வாங்கிவரப் போயிருந்தேன். அம்மா மூட்டையைத் தொட்டுப் பார்த்திருக்கிறாள், சூடாக இருந்திருக்கிறது. அவிழ்த்துக் கொட்டலாம் என்று முடிச்சில் கை வைத்தவளை உன் பெரியம்மா தடுத்துவிட்டாள். "தாய்மாமன் சீரை எவளாவது அவன் எதிர்ல பிரிச்சுப் பாப்பாளாடீ? கொறை கண்டுபுடிக்கிறாப்ல இருக்கும்" என்று சொல்லி, மூட்டைக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டி, சாமான் அறையில் அரிசி மூட்டைகளுக்கு நடுவில் வைக்கச் சொல்லிவிட்டாள். அவள் சொன்னதும் தப்பு இல்லை. நம் பக்கத்தில் அதுதான் வழக்கம். சீர் கொண்டுவந்தவன் எதிரில் அதை எண்ணவோ, முகரவோ, பிரிக்கவோ மாட்டோம். அன்றைக்குச் சாயங்காலமே தரையில் பரப்பியிருந்தால் பாதிக்குமேல் தேறியிருக்கும்.

விடியற்காலம் சாம்பாருக்கு உரிக்கலாம் என்று மூட்டை வாயை அறுத்தோம். அறை முழுக்க நாறிவிட்டது. கொய்த கழுத்தெல்லாம் கொழகொழவென்று இருந்தது. அந்த நேரம் பார்த்துக் காபி டம்ளரோடு வந்து நின்றார் சம்பந்தி. இந்த இடத்தில் கஸ்தூரி பேனாவை வைத்துவிட்டாள். உன் மாமனாரைப் பற்றி நீ எழுத வேண்டாம், விட்டுவிடு என்று அவளிடம் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, இல்லப்பா, அவன் தெரிஞ்சிக்கட்டும் என்று எழுதுகிறாள். சம்பந்தி கெட்டவர் இல்லை, கேலிப் பேச்சுக்காரர். மூக்கைத் துண்டால் மூடிக்கொண்டு, "இன்னா சம்பந்தி, வெங்காய சாம்பார்னு சொன்னீங்க, சாராய ஊறல் போட்டுக்கினு இருக்கீங்களா? போலீஸ் வந்துடப் போவுது" என்றார். காய் நறுக்க உட்கார்ந்திருந்த பெண்களெல்லாம் சிரித்துவிட்டார்கள். எனக்கே உதடு அசைந்திருக்கும். திரும்பிப் பார்த்தால் ஏழுமலை நிற்கிறான். புதிதாகச் சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டு, தாய்மாமன் முறைக்கு உன் அக்கா நெற்றியில் கட்டவேண்டிய பட்டத்தைக் காகிதத்தில் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நிற்கிறான்.

நேராக வந்து மூட்டையைத் தோளில் தூக்கினான். விடு மச்சான், ஆளுங்க எடுத்துப் போடுவாங்க என்று நான் பிடித்தேன், கையை விலக்கிவிட்டான். மஞ்சளும் குங்குமமும் கரைந்து அந்த நீரோடு சேர்ந்து வெள்ளைச் சட்டை முழுக்க இறங்கிற்று. மண்டபத்துக்குப் பின்னால் வாய்க்காலில் கொட்டிவிட்டு வந்தான். வாசலில் அம்மா நின்றிருந்தாள். பட்டத்தை எடுத்து அவள் கையில் வைத்து, "யாரையாவது உட்டு கட்டிடு அக்கா. இந்தச் சட்டையோட நான் மணவறைக்கு வர முடியாது" என்று சொல்லிவிட்டு செஞ்சி பஸ் நிற்கும் பக்கம் நடந்துவிட்டான். பெண்ணைப் பெற்றவள், முகூர்த்த நேரத்தில் எங்கே ஓடிப்போய்த் தம்பியை இழுத்து வருவாள்? நான் கடைத்தெருவுக்கு ஆளை அனுப்பி பெல்லாரி வாங்கிவரச் செய்து பந்தியைச் சமாளித்தேன். சாம்பாரை யாரும் குறை சொல்லவில்லை. ஒன்றுவிட்ட மாமன் ஒருவன் பட்டம் கட்டினான். அன்றைக்குப் போன ஏழுமலை பிறகு நம் வாசலை மிதிக்கவில்லை. கஸ்தூரிக்குப் பிள்ளை பிறந்ததற்கும் துணியில் முடிந்து பணம் கொடுத்தனுப்பினானே தவிர ஆள் வரவில்லை.

நீ இன்னொன்று கவனித்தாயா என்று தெரியவில்லை. அந்தக் கல்யாணத்துக்குப் பிறகு நம் வீட்டில் சின்ன வெங்காயம் கிடையாது. வத்தக்குழம்பாக இருந்தாலும் அம்மா பெல்லாரியைத் துண்டு துண்டாக நறுக்கித்தான் போடுகிறாள். நீ ஒருமுறை, "ஏம்மா, குழம்பு முன்னமாரி இல்லையே" என்று கேட்டாய். விலை அதிகம் என்று சொல்லி முடித்துவிட்டாள்.

நீ போன மறுநாளுக்கு மறுநாள் நான் அனந்தபுரம் போய்வந்தேன். அம்மாவிடம் செஞ்சிக்கு அரிசி பார்க்கப் போவதாகச் சொன்னேன். ஏழுமலை கிணற்றுக் கவலைக் கயிற்றைத் திரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வாங்க மாமா என்று சொல்லிவிட்டுத் திரும்பக் கயிற்றைப் பிடித்துக்கொண்டான். அவன் பெண்சாதி கூழ் கரைத்துக் கொடுத்தாள். குடித்து முடித்ததும் எழுந்து மாட்டுக்கொட்டகைப் பக்கம் நடந்தான், நானும் பின்னால் போனேன். ஒரு பக்கத்தைத் தட்டியால் மறைத்து, கீழே காய்ந்த மணல் பரப்பி, அதன்மேல் சின்ன வெங்காயத்தைக் கொட்டி வைத்திருந்தான். நாலு பக்கமும் காற்று ஓடுகிறது. நான் அவனைப் பார்க்காமல் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பழக்கத்தில் குவியலுக்கு நடுவில் கையை விட்டேன். குளுமையாக இருந்தது. ஒன்றை எடுத்துக் கழுத்தை அழுத்தினேன், விரலுக்கு வழிவிடவில்லை. காதோரம் வைத்துத் தேய்த்தேன், சலசலவென்றது. பல்லால் கடித்துப் பார்த்தேன். முதலில் காரம், அப்புறம் அடித்தொண்டையில் இனிப்பு. அவ்வளவு நேரமும் அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை, என் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"தாளு சாஞ்சப்புறம்தான் புடுங்கினேன் மாமா. தண்ணி கட்டறத முன்னாடியே நிறுத்திட்டேன். எல்லாம் கேட்டுக்கினுதான் செஞ்சேன்" என்றான். யாருக்கு மச்சான் இவ்வளவு என்றேன். "யாருக்கோ. கூப்ட்டா எடுத்துக்கினு வர்றது, கூப்பிடலன்னா வெதைக்கு வெச்சிக்கிறது" என்றான்.

அப்போதுதான் என் கையில் ஒன்று மெத்தென்று மாட்டியது. கழுத்து கொழகொழத்த வெங்காயம். போட்டுவிடலாமா, எடுத்துக் காட்டலாமா என்று ஒரு நிமிஷம் எனக்கே தயக்கம். மாமன் சரக்கு ஆயிற்றே. பிறகு எடுத்துத் தனியாக வைத்தேன். அவன் முகம் சுருங்கும் என்று பார்த்தால் இல்லை. குனிந்து அதை எடுத்து, தானும் அழுத்திப் பார்த்து, தட்டிக்கு வெளியே வீசினான். என் பக்கத்தில் உட்கார்ந்து தானும் குவியலைக் கிளற ஆரம்பித்தான். கொஞ்ச நேரம் கழித்து, "அன்னிக்கே இப்டி யாராவது கைய உட்டுப் பாத்திருக்கலாமே மாமா. சாயங்காலமே சொல்லியிருந்தா நானே பரப்பியிருப்பேன். குங்குமம் வெச்சி மூடி வெச்சிட்டீங்களே" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. அவ்வளவு நாள் நினைத்து நினைத்துத் தேய்ந்துபோன பேச்சாக இருந்தது.

மகனே, நீ மூட்டை வேண்டாம் என்று சொல்லியனுப்பினால் அவன் வரமாட்டான். வெறும் கையோடு வந்து உன் நெற்றியில் பட்டம் கட்டுகிற ஆள் அவன் இல்லை. அதற்காக, எது வந்தாலும் வாயைப் பொத்திக்கொண்டு வாங்கி ஒரு மூலையில் வைத்துவிடலாம் என்றும் நான் சொல்லவில்லை. அப்படி வைத்துத்தான் ஒருமுறை பார்த்தாகிவிட்டதே. நீயே அனந்தபுரம் போ. பத்திரிகையைத் தட்டில் வைத்துக் கொடுத்துவிட்டு, மாமா, வெங்காயத்தைக் காட்டுங்க என்று கேள். அவன் எதிரிலேயே உட்கார்ந்து கையை உள்ளே விடு, கழுத்தை அழுத்து, முகர்ந்து பார். நல்லதை நல்லது என்று சொல், ஆகாததை எடுத்து அவன் கையிலேயே கொடு. இனிமேல் கல்யாணம் ஆகி நீயும் ஒரு குடும்பத்துக்குள் போகிறாய். அங்கேயும் எது வந்தாலும் திறந்து பார்த்து, வந்த அன்றைக்கே பேசிவிடு. உனக்குச் சொல்ல எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

இதை எழுதிவிட்டு கஸ்தூரி தன் பங்குக்கு ஒன்று சேர்க்கச் சொல்கிறாள். அவள் சொன்னபடியே போடச் சொன்னேன். "தம்பி, எனக்குப் பட்டம் கட்டினவர் பேரு கூட எனக்கு மறந்துபோச்சிடா. உனக்காவது மாமா கட்டட்டும். என் மாமனாரை நான் பாத்துக்கிறேன், அவர் பந்தியில உக்காந்து ரெண்டு தரம் சாம்பார் கேட்டு வாங்குவாரு பாரு."

அம்மா நேற்றே வந்துவிட்டதால் மீதியை இன்றைக்குச் சொல்கிறேன். அனந்தபுரத்திலிருந்து வரும்போது துண்டில் கொஞ்சம் வெங்காயம் முடிந்துகொண்டு வந்தேன். எங்கே வாங்கியது என்று சொல்லாமல் அடுப்படியில் வைத்துவிட்டு வெளியே வந்து பீடி பற்றவைத்தேன். எட்டிப் பார்த்தால், அம்மா ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து அடிவேரைப் பார்க்கிறாள். கழுத்தை அழுத்துகிறாள். காதோரம் வைத்துத் தேய்க்கிறாள். எங்கே வாங்கினீங்க, என்ன விலை என்று ஒன்றும் கேட்கவில்லை. அன்றைக்கு ராத்திரி குழம்பில் சின்ன வெங்காயம் முழுசு முழுசாகக் கிடந்தது. எனக்கு ஊற்றிக்கொண்டே, குனிந்த தலை நிமிராமல், "இந்தத் தடவை எதுல கட்டி எடுத்துக்கினு வரப் போறானாம்?" என்று கேட்டாள்.

மறுநாள் காலையில் பரணில் கிடந்த கோணிச் சாக்கை இறக்கி, துவைத்து, வேலியில் காயப்போட்டுவிட்டாள். பக்கத்து வீட்டில் கேட்டதற்குக் கேப்பை வாங்கிவர என்று சொல்லியிருக்கிறாள். இரண்டு வெயில் காய்ந்துவிட்டது, இப்போது மடித்து உன் பெட்டிமேல் வைத்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை விழுப்புரத்திலிருந்து நேராக அனந்தபுரம் போய்விடாதே. இங்கே வந்து அந்தக் கோணியை எடுத்துக்கொண்டு போ.

இப்படிக்கு,
உன் அப்பா